பக்கத்துக் காம்பராவை நோக்கித் திரும்பும் முணுமுணுப்பு

(பதுளையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கஷ்ட காலத்தில் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாமல் இருப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இதை ஒரு நல்லொழுக்கப் பாடமாகப் பேசி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் புத்திமதி நம்முடைய தாத்தா பாட்டி காலத்திலிருந்து வாயை அடைக்கவும் பயன்பட்டிருக்கிறது. 'பொறுத்துக்கொள், முறுமுறுக்காதே' என்று சொன்னவர்களில் பலர் பொறுக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். ஆகவே இந்தப் புத்திமதி முதலில் யாருக்கு, எந்த இடத்தில் சொல்லப்பட்டது என்று பார்ப்போம்.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுங்கள். ஒன்பதாம் வசனத்தை எல்லோரும் அறிவோம்: நியாயாதிபதி வாசலில் நிற்கிறார், ஆகையால் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாதீர்கள் என்பது அதன் பொருள். பிரசங்கத்தில் இதைத் தனியாகப் பிய்த்து எடுத்துவிடுகிறோம். அதிகாரம் எங்கே தொடங்குகிறது? வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட பணக்காரர்களை நேருக்கு நேர் கண்டிப்பதில் தொடங்குகிறது. கொடுக்கப்படாத அந்தக் கூலியே கூக்குரல் இடுகிறது, அறுத்தவர்களின் கூக்குரல் கடவுளின் காதுவரை போய்விட்டது என்கிறார் யாக்கோபு. அதற்குப் பிறகுதான் வேலைக்காரர் பக்கம் திரும்பி, மழைக்குக் காத்திருக்கும் உழவனைப் போல் பொறுமையாக இருங்கள் என்கிறார். அதற்கும் பிறகுதான் ஒன்பதாம் வசனம் வருகிறது.

இந்த வரிசையை மறக்கக் கூடாது. கூலி கிடைக்காதவனைப் பார்த்துக் கூக்குரல் இடாதே என்று யாக்கோபு சொல்லவில்லை. அவனுடைய கூக்குரலுக்குச் சாட்சியாக அவரே நிற்கிறார். மேலே போக வேண்டிய அந்தக் குரல் அடுத்த நிரையில் நின்று அறுக்கிறவன் பக்கம் திரும்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறார். நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான்.

கொழுந்து மலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். மழை நாள். படங்கு கட்டியும் இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து, கூடையைச் சுமந்துகொண்டு பெண்கள் நிறுவைக்கு வருகிறார்கள். 18 கிலோ கேட்கும் தோட்டமும் உண்டு, 20 கேட்கும் தோட்டமும் உண்டு. எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். தராசு முள் நிற்பதற்கு முன்பே ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் இரண்டு மூன்று கிலோ கழிக்கப்படுகிறது. நிறுக்கிறவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. நிறுவைச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நகர்கிறார்கள். லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்தான் பேச்சு தொடங்குகிறது. இவள் முற்றின இலையைப் போட்டதால்தான் எல்லாருக்கும் கழித்தார்கள். அவள் என் நிரைக்குள் புகுந்து கிள்ளினாள். இன்னொருத்தி கங்காணிக்கு வேண்டியவள், அவளுக்கு மட்டும் கழிக்கவில்லை. கழித்த கை பின்னால் நிறுவைக் கொட்டகையிலேயே இருக்கிறது. பேச்சோ முன்னால் நடக்கிறவளின் முதுகைக் குத்துகிறது. ஞாயிறு காலை அந்த இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஒரே பாயில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதை இவர்களுடைய குணக்கேடு என்று நான் சொல்ல மாட்டேன். மேலே பேசினால் வேலை போகும், பேர் வெட்டுவார்கள், மலை மாற்றிக் கஷ்டமான சரிவில் விடுவார்கள். பக்கத்தில் இருக்கிறவளைப் பேசினால் ஒன்றும் போகாது. பயம் ஒரு பக்கம் அடைத்தால் கோபம் அடைப்பில்லாத பக்கம் பாய்கிறது. அதை இந்தத் தோட்ட முறைமை நன்றாகவே அறிந்து வைத்திருந்தது. கங்காணி ஆள்பிடித்த காலத்தில் 'துண்டு' என்ற சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கடன் கங்காணியின் கணக்கில், கூட்டம் கங்காணியின் கைக்குள். ஒருவன் ஓடினால் மற்றவன் அவனைத்தான் சபிப்பான். அந்தச் சீட்டைக் கொடுத்தவனைச் சபிக்க மாட்டான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அது ஒழிந்தது என்று நிம்மதியாக இருக்க முடியுமா? இன்றைக்கு நுண்கடன் வந்திருக்கிறது. ஐந்து பெண்கள், பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. வாரத் தவணை நாளன்று கடன் வசூலிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து இஸ்தோப்பில் உட்கார்கிறார். பணம் முழுதாகச் சேரும்வரை குழுவிலிருந்து யாரும் எழுந்து போக முடியாது. அடுப்பில் சோறு, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம். யார்மேல் ஆத்திரம் வரும்? வட்டியை நிர்ணயித்தவர் கொழும்பில் இருக்கிறார், அவர் முகமே தெரியாது. கண்ணெதிரே தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறவள்தான் தெரிகிறாள், அவள் நம் சபைக்காரி. பல இடங்களில் ஜெபக்குழுவில் இருக்கும் அதே பெண்கள்தான் கடன் குழுவிலும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அவமானப்படுத்தியவளோடு வெள்ளிக்கிழமை முழங்கால் போடுவது எப்படி என்ற கேள்வியை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மழைக்குக் காத்திருக்கும் உழவனைப் பற்றி யாக்கோபு சொன்னதும் நமக்கு வேறு மாதிரி உறைக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பரில் ஊவா மலைச்சரிவில் கச்சான் காற்று அடிக்கிறது. காய்ந்த அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகமறிந்த அந்த மணம் வருகிறது. கொழும்பு ஏலத்தில் நம் தேயிலைக்கு மதிப்புக் கூடும் பருவம் அது. ஆனால் அந்த வறட்சியில் கொழுந்து துளிர்ப்பது குறைவு. கொழுந்து குறைந்தால் கிலோ இல்லை, சில வாரம் வேலைநாளும் இல்லை. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கிய காலத்திலிருந்து இன்றுவரை, மலைக்குப் பெயர் வாங்கித் தரும் மாதங்களே கொழுந்து பறிக்கிறவருக்கு ஒல்லியான மாதங்கள். அந்த மாதங்களில்தான் கடைக்கடன் ஏறுகிறது, வாய்ச்சண்டையும் ஏறுகிறது. யாக்கோபு பொறுமையையும் முணுமுணுப்பையும் அடுத்தடுத்து வைத்தது சும்மா இல்லை. பொறுமை தீரும் இடத்தில் முதலில் அடிபடுவது பக்கத்தில் இருக்கிறவன்.

சம்பளத்தின் கதையையும் பாருங்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்று எத்தனை தேர்தலில் கேட்டோம், எத்தனை மேடையில் வாக்குக் கொடுத்தார்கள்! 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. வந்து இரண்டு ஆண்டு ஆவதற்குள் 2022 நெருக்கடி அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2024இல் 1,700 என்று அறிவித்தது வழக்குக்குப் போய், அந்த ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் நின்றது. ஒவ்வொரு தடவையும் நடுவில் நம்மவர்கள் என்ன செய்தோம்? சந்தா எந்தச் சங்கத்துக்கு, யார் யாரை விற்றார், எந்தத் தலைவர் எங்கள் பக்கம் என்று லயத்துக்கு லயம் பிரிந்து நின்றோம். ஒரே சபைக்குள்ளும் பிரிந்து நின்றோம்.

குரல் சரியான திசையில் போன நாட்களும் இந்த மண்ணில் உண்டு. பதுளைக்குப் பக்கத்தில் வேவெஸ்ஸத் தோட்டம், 1940 மே மாதம். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிவு செய்தார்கள். அந்தக் குழுவைக் கலந்துகொண்டு நடப்பதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. மலையகத்தில் தொழிற்சங்கம் என்றாலே கலகம் என்று பேசப்பட்ட காலம் அது. பின்னால் பொலிசாரைக் கொண்டு அந்த எழுச்சியை அடக்கினார்கள், உண்மைதான். என்றாலும் லயத்துக்குள் புகைந்துகொண்டிருந்த மனக்குறைகள் ஒரு சில நாள் ஒரே குரலாகிப் பங்களாப் படியேறியதை வேவெஸ்ஸ கண்டது. அதில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள், எத்தனை பேர் இந்துக்கள் என்று நான் எண்ணப் போவதில்லை. யாக்கோபின் அதிகாரத்தை அவர்கள் படிக்காமலே அதன்படி நடந்தார்கள்.

பேரிடர் நாட்களில் இந்த நோய் இன்னும் வேகமாகப் பரவுகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், பலருக்கு வீடும் தாய் தகப்பனும் இல்லாமல் போனது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. துக்கம் ஆறுவதற்குள் ஒரு பேச்சு கிளம்பியது: சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை. எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாதவன், தோட்டம் கொடுத்த காம்பராவை விட்டால் வேலையும் போகும் என்று பயந்தவன், எந்த வளவுக்குப் போவான்? செத்தவர்கள்மேலேயே குறையைப் போட்ட பேச்சு அது. நம்மவர் வாயிலிருந்தும் அதை நான் கேட்டேன். மகல்தெனியவில் அந்த மக்களுக்கு வீடு கைக்கு வந்தது 2016இல். இரண்டு வருஷம் அவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் மறைப்பு வைத்துக் குடியிருந்தார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியாவோடு பதுளை மாவட்டமும் அதிகம் இழந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னாலும் பட்டியல் வருகிறது. யார் வீடு முழுச் சேதம், யாருக்குப் பகுதிச் சேதம், யாருக்கு உலர் உணவு, யாருக்கு மெத்தை. அதோடு சபைப் பட்டியலும் வருகிறது. கத்தோலிக்கருக்கு வந்த பொதி பெரியது, மெதடிஸ்தக்காரருக்கு அரிசி நல்லது, பெந்தெகொஸ்தே சபைக்கு வெளிநாட்டுக்காரர் வந்தார்கள். அழுகிற வீட்டில் நின்றுகொண்டு அடுத்த வீட்டுப் பொதியின் பாரத்தைக் கண்ணால் நிறுக்கிறோம்.

பட்டியலைப் பற்றி ஒரு செய்தி என் மனத்தில் ஆழமாக நிற்கிறது. 2023 ஜூனில் அரசின் அஸ்வெசும உதவித்தொகைப் பட்டியல் வெளியானபோது மக்களுக்கு இரண்டு வழி திறந்திருந்தது. என் பெயர் விடுபட்டது என்று மேன்முறையீடு செய்யலாம். இவன் பெயர் சேர்ந்தது தவறு என்று அடுத்தவன்மேல் ஆட்சேபனையும் கொடுக்கலாம். நாடு முழுவதும் மேன்முறையீடுகள் பல லட்சம் குவிந்தன. ஆட்சேபனைகள் அதற்கு முன்னால் மிக மிகச் சொற்பம். பசித்த மக்கள் அடுத்தவன் தட்டைத் தட்டிவிடத் துடிப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எழுத்தில் கொடுக்கச் சொன்னபோது ஏழைகள் தங்கள் பசியைத்தான் எழுதினார்கள், அயலான் பெயரை எழுதவில்லை. வாயால் தண்ணீர்ப் பீலியடியில் பேசுவது வேறு, கையொப்பம் வைத்துக் கொடுப்பது வேறு. குறையைச் சொல்ல ஒழுங்கான வாசல் ஒன்று திறந்திருந்தால் மனிதன் பெரும்பாலும் நியாயமாகவே நடந்துகொள்கிறான்.

ஆதிச் சபையும் இதைக் கண்டது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வருவது ஒரு நிவாரணச் சண்டைதான். கிரேக்கம் பேசிய விதவைகளுக்குத் தினசரிப் பங்கீட்டில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முணுமுணுப்பு. அப்போஸ்தலர்கள் முணுமுணுத்தவர்களை அதட்டவில்லை. சபை முழுவதையும் கூட்டி, பங்கீட்டுக்கு ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். தெரிவான ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். நம் தோட்டங்களில் நிவாரணக் குழு எப்படி அமைகிறது? ஸ்டாப் குவாட்டர்சில் ஒருவர், தலைவர் ஒருவர், உபதேசியார், கோயில் கமிட்டிக்காரர் இரண்டு பேர். கீழ் டிவிஷன் கடைசி லயத்து விதவைக்கு அதில் இடமுண்டா? இல்லாவிட்டால் அவள் பீலியடியில்தான் பேசுவாள். பேசாதே என்று அவளுக்குச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லாதிருங்கள் என்ற வசனத்தைக் காட்டி, காணிக்கைக் கணக்குக் கேட்டவரை வாயடைக்கக் கூடாது. புருஷன் அடிக்கிறான் என்று வந்த பெண்ணை, பிள்ளையிடம் தவறாக நடந்தவனைச் சொல்ல வந்த தாயை, 'சபை மானம் போகும்' என்று திருப்பி அனுப்பக் கூடாது. அப்படிப்பட்டதை உரியவரிடம் சொல்வதும், தேவைப்பட்டால் பொலிசுக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் கொண்டுபோவதும் கடமை. யாக்கோபே என்ன செய்தார்? அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும் கந்தை உடுத்தவனுக்குத் தரையும் கொடுத்த சபையைப் பகிரங்கமாகக் கண்டிக்கிறார். துரைமாருக்கு முன்வரிசை ஒதுக்கி வைத்திருந்த தோட்டக் கோயில்கள் நம் நினைவுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. யாக்கோபு இங்கே வந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார்.

குறை கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். 1972 டிசெம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. அப்போது கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, 1959 முதல் தாம் நடத்திவந்த பெரிய மறைமாவட்டத்தை விட்டு, வசதி குறைந்த இந்தப் பக்கத்தைத் தாமே விரும்பி ஏற்றார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். தோட்டங்களில் பஞ்சம் வாட்டிய 1970களின் நடுப்பகுதி அவருடைய காலம்தான். அதே காலத்தில் கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்தியோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினார். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகமும் உருவானது. தோட்டத்து மக்களின் துன்பத்தை எழுதி வெளியுலகுக்குக் கொண்டுபோனார்கள். மக்களின் குறையைத் தங்கள் தோளில் வாங்கி மேலே சுமந்த மேய்ப்பர்கள் இருந்த காலம் அது. மேலே சுமக்க ஆள் இருக்கும்போது கீழே சண்டை குறைகிறது. இதை என் கருத்தாகவே சொல்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் ஒவ்வொருவராக நாம் செய்ய என்ன இருக்கிறது? ஆண்டவர் மத்தேயு பதினெட்டில் வழி சொல்லியிருக்கிறார். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போக வேண்டும். நாம் அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் முதலில் போகிறோம். லயத்தில் இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு சுவர்தான், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். தனியாகப் பேச இடமே இல்லாத வாழ்க்கையில் தனியாகப் பேசு என்பது கடினமான கட்டளை. கொழுந்து மலைக்குப் போகும் வழியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிரா வாசலில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் இரண்டு நிமிஷத்தில் பேசலாம். மெதுவாகப் பேசினாலே போதும், தனியிடம் ஆகிவிடும்.

யாக்கோபு தம் நிருபத்தை முடிக்கும் முன் இன்னொன்றும் சொல்கிறார்: உங்கள் சொந்தத் தவறை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள். ஒன்பதாம் வசனத்துக்கும் பதினாறாம் வசனத்துக்கும் நடுவில் தூரம் அதிகமில்லை. தவணைப் பணத்தைப் பிள்ளையின் மருந்துக்கு எடுத்துவிட்டேன், இந்த வாரம் என்னால் முடியாது என்று அந்தப் பெண் கடன் குழுவில் முதல் நாளே சொல்ல முடிந்தால் என்ன ஆகும்? மற்றவர்கள் சேர்ந்து கடன் வசூலிக்கிறவரிடம் தவணை தள்ளிக் கேட்கலாம். சொல்லப் பயமாக இருப்பதால்தான் அவள் ஒளிகிறாள். ஒளிந்ததால்தான் நாம் பேசுகிறோம். அவள் சொல்லத் துணிகிற இடமாக நம் ஜெபக்குழு இருக்க வேண்டும். மரணாதார சங்கத்தை எல்லாச் சபைக்காரரும் இந்துக்களும் சேர்ந்து நடத்தத் தெரிந்த நமக்கு, கடனில் மூழ்கும் வீட்டுக்கும் அதுபோல ஒரு பொதுப்பெட்டி வைக்க முடியாதா? மாதம் நூறு ரூபா என்றாலும் தொடங்கலாம். கணக்கை மாதம் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் உரத்து வாசிக்க வேண்டும்.

இங்கே வந்திருக்கும் சபைப் பொறுப்பாளர்களிடம் குறிப்பாக ஒன்று கேட்கிறேன். அடுத்த நிவாரணம் எப்போது வரும் என்று தெரியாது, ஒக்டோபர் பிறந்தால் நம் மலைகளுக்கு மழையும் பயமும் சேர்ந்தே வருகின்றன. வருமுன்னே குழுவைத் தெரிவு செய்துவிடுங்கள். பாதிக்குக் குறையாமல் பெண்களைச் சேருங்கள். போன தடவை யார் அதிகம் குறை சொன்னாரோ அவரை முதலில் அழையுங்கள். எல்லாச் சபைக்கும் ஒரே பட்டியல், அதைக் கோயில் கதவிலும் பிள்ளைக்காம்பிரா சுவரிலும் ஒட்டுங்கள். அதன் கீழே, பெயர் விடுபட்டவர்கள் யாரிடம், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து சொல்லலாம் என்றும் எழுதி வையுங்கள்.